ஏத்தித் தச்ச ஓரம்

கொஞ்சம் நகந்துக்க தாயி. இல்ல இல்ல, ஜன்னல் பக்கம் நீயே இரு, எனக்கு வேணாம். ஜன்னல்ல உக்காந்தா மேல இருந்து அவ பாத்துருவா. பாத்தாள்னா தொலைஞ்சேன். கக்கூஸுக்குப் பின்பக்கமா சுத்தி, முக்காடு போட்டுக்கிட்டு வந்து இந்த வண்டில ஏறியிருக்கேன். அம்பது வயசுக்கு மேல எனக்கு இந்தப் பொழப்பு.

யாருக்குப் பயமா? அந்தா ஸ்பீக்கர்ல பேசுது பாரு, "மதுரை செல்லும் பயணிகள் கவனத்திற்கு"ன்னு. என்னா கொரலு பாத்தியா? அவதான். எம் மக சுபாஷினி. டைம் ஆபீஸு மாடியில கண்ணாடி ரூமு தெரியுதுல்ல, அங்கதான் உக்காந்திருக்கா. பஸ்ஸு நேரம் சொல்லுவா, நடுநடுவுல நகைக்கடை வெளம்பரம், ஜவுளிக்கடை வெளம்பரம். புள்ளையக் காணோம், பர்ஸக் காணோம்னு வர்றவுகளுக்கும் அவதான். வெளியூர்க்காரவுக இந்தக் கொரலக் கேட்டுட்டு, ஆகா எம்புட்டு மரியாதைன்னு நெனச்சுக்கிட்டுப் போவாக. வீட்டுல வந்து கேக்கணும், என்னைய எதுத்துப் பேசுற பேச்சை.

வண்டி கெளம்ப நேரமாகும். கண்டக்டரு டீக்குப் போயிருக்காரு. ஆமா, கழுத்துல அட்டை தொங்குதே, நர்சுக்குப் படிக்கிறியா? நெனச்சேன். நல்லதாப் போச்சு. அப்ப உங்கிட்டக் கேட்டே தீரணும், நீயே ஞாயம் சொல்லு.

ஊரு உலகத்துல சனம் என்ன சொல்லிப் பொலம்புது? வேண்டாத ஆபரேஷனைப் பண்ணிட்டாங்க, வேண்டாத ஆபரேஷனைப் பண்ணிட்டாங்கன்னுதானே? எனக்கு வாய்ச்ச டாக்டருங்களைப் பாரு. ஆபரேஷன் பண்ணுங்க சாமின்னு நானே கையெடுத்துக் கும்புடுறேன், மாட்டேங்கிறாக. ஒருத்தரு சொன்னாப் பரவாயில்ல. ரெண்டு பேரும் சொல்லிவச்ச மாதிரி மாட்டேங்கிறாக. இந்தக் கொடுமைய எங்க போய்ச் சொல்ல?

முதல்ல இருந்து சொல்றேன். சுபா பொறக்கும்போதே முதுகுத்தண்டு மூடாமப் பொறந்தா. இடுப்புக்கு மேல எலுமிச்சம்பழம் கணக்கா ஒரு கட்டி. நீ படிச்சிருப்ப, ஒனக்கே தெரியும். மறுநாளே ஆபரேஷன் பண்ணி மூடுனாக. காலுக்குப் போற நரம்பு பாதிச்சிருக்கு, நடந்தாலும் நடக்கும், நடக்காமயும் போகலாம்னு அப்பமே சொல்லிட்டாக. எங்க வீட்டுக்காரரு ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதாரு. நான் அழல. நானும் அழுதா புள்ளைக்கு யாரு பால் குடுக்குறது?

நடந்தா தாயி. மத்த புள்ளைக பள்ளிக்கூடம் போற வயசுலதான் நடந்தா, ஆனா நடந்துட்டா. முழங்காலுக்குக் கீழ ரெண்டு காலுக்கும் காலிப்பர் சூ, வலது கையில முழங்கையோட மாட்டுற ஸ்டிக்கு. ஆடி ஆடித்தான் நடப்பா, ஆனா அவ பாட்டுக்கு நடப்பா. பள்ளிக்கூடம் போனா, காலேஜு போனா, இப்ப இந்த மாடிப்படி ஏறுறா. கைப்பிடியப் புடிச்சு ஒவ்வொரு படியா. வேலைக்கு எடுக்கும்போது கான்ட்ராக்டரு, "ஏம்மா, மைக்கைக் கீழ எறக்கி வச்சுருவமா"ன்னு கேட்டுருக்காரு. "வேணாம் சார், மேல இருந்தாத்தான் எங்கம்மா எந்தப் பஸ்ஸுல ஏறுறாங்கன்னு தெரியும்"னு சொல்லியிருக்கா. கொழுப்பப் பாத்தியா?

இரு, இந்தக் காலைக் கொஞ்சம் நீட்டிக்கிறேன். அம்மாடி. ஒண்ணுமில்ல தாயி, மூட்டு. மிஷினு மிதிச்சு மிதிச்சுத் தேஞ்சு போச்சாம். அதுக்கு எக்ஸ்ரே படம் எல்லாம் எடுத்துட்டு ஆபரேஷன் பண்ணணும்னாக. நல்ல கதையா இருக்கே! நான் பாட்டுக்கு நடந்துக்கிட்டுத் திரியிறேன், நடக்குற காலை எதுக்கு வெட்டணும்? நானெல்லாம் அசர மாட்டேன். அதை விடு, எம் மக கதைக்கு வருவோம்.

நான் டைலரு. பஜார்ல வந்து சீனியம்மா தையல்கடைன்னு கேளு, சின்னப்புள்ளையும் கை காட்டும். எங்கிட்ட ஒரு வியாதி உண்டு, கோணலப் பாத்தா கை நிக்காது. இப்ப ஓன் சட்டையில எடது கை வலது கையவிட ஒரு நூலு நீளம். கோச்சுக்காத, சொல்லாம இருக்க முடியல. ரெடிமேடா? அதான பாத்தேன்.

அப்படிப்பட்டவளுக்கு மக எப்படி வாய்ச்சா பாரு. ஏழெட்டு வயசுலயே அவளுக்குப் பாவாடை கட்டுனா எடது பக்கம் ஓரம் எறங்கித் தரையக் கூட்டும், வலது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கும். பாக்கச் சகிக்காது. நான் என்ன பண்ணுனேன், எடது பக்கம் மட்டும் கூடக் கொஞ்சம் மடிச்சு ஏத்தித் தச்சுட்டேன். போட்டா சுத்திவர ஒரே மட்டமா நிக்கும். அவ வளர வளர எடது பக்கம் எறங்கிக்கிட்டே வந்துச்சு, நானும் ஏத்திக்கிட்டே வந்தேன். ஒரு ஆளு கண்டுபிடிக்கணுமே! பெத்த அப்பனுக்கே தெரியாது. விசேஷ வீடுகள்ல, "சீனியம்மா, ஓம் மக பாவாடை என்னா எடுப்பா நிக்குது"ம்பாக. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு பொத்துக்கிட்டு வரும். தொழிலு தாயி, தொழிலு!

போன சித்திரையில, கோடை மழை பேஞ்ச மறுநாளு, அந்தப் படியில வழுக்கி விழுந்துட்டா. மதுரையில ஜெபராணி டாக்டரம்மான்னு இருக்காக, சின்னதுல இருந்து அவளப் பாக்குறவுக. அவுககிட்டக் கூட்டிக்கிட்டு ஓடுனோம். விழுந்ததுல ஒண்ணும் ஒடையல. ஆனா இடுப்பைப் படம் எடுத்துப் பாத்துட்டு அந்தம்மா மொகம் மாறிப் போச்சு. எடது தொடை எலும்போட உருண்டை அதுக்குண்டான குழியில இல்லையாம். வெளிய வந்து மேல ஏறி நிக்குதாம். "இது இப்ப விழுந்ததுல விலகுனது இல்ல சீனியம்மா, பல வருஷமாவே விலகித்தான் இருந்திருக்கு"ன்னாக.

அதுக்கு எம் மக, இந்தக் கழுதை, என்ன சொன்னா தெரியுமா? "தொலைந்து போன பொருள் கிடைத்துவிட்டது, உரியவர் அடையாளம் சொல்லிப் பெற்றுக்கொள்ளலாம்"னு, ஸ்பீக்கர்ல சொல்ற அதே கொரல்ல சொல்றா. டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரிக்கிறாக. நான் ஒருத்திதான் அங்க அழுதுக்கிட்டு நிக்கிறேன்.

அப்புறம் காலை மடக்கிப் பாத்தாக, நீட்டிப் பாத்தாக, விரிச்சுப் பாத்தாக. வலிக்குதான்னு கேட்டாக. வலியே இல்லைங்குறா. எந்திரிச்சு நிக்கச் சொன்னாக. பாவாடை மட்டமா நின்னுச்சு. அந்தம்மா குனிஞ்சு ஓரத்தைத் திருப்பிப் பாத்தாக. உள்ள ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மேல மடிப்பு. "யாரு தச்சது இது?"ன்னு கேட்டாக. "நான்தான் டாக்டர்"னு நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னேன். "எத்தன வருஷமா இப்படித் தைக்கிறீங்க?" "சின்னப்புள்ளையில இருந்தே!" அந்தம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக. பாராட்டத்தான் போறாகன்னு நெனச்சேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே"ன்னாக. நல்லா இருக்கே! தையலப் பத்தி டாக்டர்கிட்ட என்னத்தச் சொல்றது?

சரி, எப்ப ஆபரேஷன்னு கேட்டேன். வேணாம்னுட்டாக. பண்ணி உள்ள தள்ளி வச்சாலும் அதைப் புடிச்சு வைக்கிற தசைக்கு இவகிட்டப் பலம் பத்தாதாம், திரும்ப நழுவுனாலும் நழுவுமாம். அதவிடப் பொல்லாதது, இடுப்பு வெறச்சுப் போனாலும் போயிருமாம். வெறச்சா மாடிப்படி போச்சு, குனியிறது போச்சு, நல்லா உக்கார்றதுகூடச் செரமமாம். "வலி இல்ல, இடுப்பு நல்லா அசையுது, நடக்குறா. இருக்கிறதக் கெடுத்துக்க வேணாம். வருஷா வருஷம் கொண்டாந்து காட்டுங்க. எடது சூவுக்கு அடியில கொஞ்சம் ஒசரம் வச்சுத் தரச் சொல்றேன், இடுப்பு சமமாயிரும். நீங்க பாவாடையில பண்ணுனத நாங்க செருப்புல பண்றோம், அவ்வளவுதான்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றாக.

எனக்கு வந்துச்சு பாரு கோவம். எம்புட்டுப் பெரிய ஆஸ்பத்திரி! லிப்டு என்ன, ஏசி என்ன! படத்துல எலும்பு வெளிய வந்து நிக்கிது, குருடனுக்கும் தெரியும். அதுக்கு வைத்தியம் செருப்புக்கு ஒட்டுப் போடுறதா?

நீ படிக்கிற புள்ள, ஒனக்கு அவுக சொல்றது சரின்னு படும். எனக்குப் பயம் தாயி. வெளிய சொல்றதில்ல, ஒனக்குச் சொல்றேன். எனக்கப்புறம் அவளுக்கு யாரு? நான் இருக்கும்போதே அந்த எலும்பை அதோட எடத்துல வச்சுப் பாத்துட்டாப் போதும். ராத்திரி படுத்தா அந்தப் படம்தான் கண்ணு முன்னாடி வந்து நிக்கிது. ஒரு பக்கம் குழியில உருண்டை இருக்கு, ஒரு பக்கம் வெறுங்குழி. டைலருக்கு எப்படித் தூக்கம் வரும்?

விடுவேனா? ஆனி மாசம் வேற பெரிய டாக்டர்கிட்ட அவளக் கூட்டிக்கிட்டுப் போனேன். அவரு பொறுமையாத்தான் பாத்தாரு. இவ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கணும்ல? "சார், ஆபரேஷன் பண்ணுனா இப்ப நடக்குறதவிட நல்லா நடப்பேனா?" "அப்படிச் சொல்ல முடியாதும்மா." "நடக்குறது கொறையுமா?" "கொறைய வாய்ப்பிருக்கு." "வலி போகுமா?" "உனக்குத்தான் வலியே இல்லையே." "அப்ப யாருக்கு சார் ஆபரேஷன்?" அந்த மனுசன் என்னையக் கையக் காட்டி, "உங்கம்மாவுக்குத்தான்"ங்குறாரு! ரெண்டு பேரும் சிரிக்கிறாக. காசைக் குடுத்துக் கேலியும் வாங்கிட்டு வந்தேன்.

ஆடியில சாத்தூர்ப் பக்கம் ஒரு எலும்பு வைத்தியரு இருக்காருன்னு கேள்விப்பட்டு, ஒரு வார்த்தை கேட்டுட்டு வரலாம்னு தனியா வந்து சாத்தூர் வண்டில ஏறி உக்காந்தேன். வண்டி நகரப் போகுது, ஸ்பீக்கர்ல வருது: "சாத்தூர் செல்லும் பேருந்தில் அமர்ந்திருக்கும் தையல்கடை சீனியம்மா அவர்களின் கவனத்திற்கு. தாங்கள் அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்துவிட்டீர்கள்." ஐயோ ராமான்னு விழுந்தடிச்சு எறங்கி வீட்டுக்கு ஓடுனேன். இந்த மூட்டு வலிய வச்சுக்கிட்டு ஓடுனேன் தாயி! போய்ப் பாத்தா அடுப்பு சுத்தமாக் கெடக்கு. அன்னைக்கி நான் பாலே வாங்கல. அது ஞாபகம் வர்றதுக்குள்ள சாத்தூர் வண்டி பாதி வழி போயிருச்சு. கடைக்கு வர்ற பொம்பளைக எல்லாம், "என்ன சீனியம்மா, பால் பொங்கிருச்சா"ன்னு கேக்குறாளுக. இன்னைக்கி எதைச் சொன்னாலும் எறங்க மாட்டேன். கேஸ மூடி, கதவப் பூட்டி, சாவிய இங்க முடிஞ்சு வச்சிருக்கேன், பாத்தியா?

அந்த ஒட்டுப் போட்ட சூவும் வந்துச்சு. போட்டுக்கிட்டுத் திரியிறா. லேசா இருக்கு, முதுகு அசதி கொறஞ்சிருக்குங்குறா. பொய்யி! என் கண்ணுக்குத் தெரியாதா? முந்தி பாவாடை மட்டமா நின்னுச்சு. இந்தச் சூவப் போட்டதுக்கப்புறம் எடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிது. ஒரு பாவாடை இல்ல, எல்லாப் பாவாடையும்! கணுக்காலுக்கு மேல ஏறி காலிப்பரு தெரியுது. என் தையல்ல கோணல் வராது, அது ஊருக்கே தெரியும். அப்ப கோணல் எங்க? காலுலதானே? "பாருடி, ஒட்டுப் போட்டு இன்னும் மோசமாயிருச்சு, நான் சொன்னேன்ல"ன்னேன். "ம்மா, பாவாடையத் திருப்பிப் பாரு"ங்குறா. நான் தச்ச பாவாடைய நானே என்னத்தத் திருப்பிப் பாக்குறது? வாய்க்கு வாய் எதுத்துப் பேச்சு.

அதோட விட்டாளா? தீபாவளிக்கு ஜவுளிக்கடையில ரெடிமேட் பாவாடை எடுத்துட்டு வந்துட்டா. ஊதாக் கலர்ல. டைலர் மக தாயி, ரெடிமேட் எடுத்துட்டு வர்றா! எனக்குத் தலையே எறங்கிப் போச்சு. சரி கொண்டா, ஓரமாச்சும் ஏத்தித் தச்சுத் தர்றேன்னேன். "இதுல நீ கையவே வைக்கக் கூடாது"ன்னு பீரோவுல வச்சுப் பூட்டிட்டா. இன்னும் கட்டல. கட்டட்டும், ஊரே பாத்துச் சிரிக்கட்டும்னு நானும் விட்டுட்டேன்.

இப்ப எங்க போறேன்னா, மதுரைக்கு லைனிங் துணி எடுக்கன்னு வீட்டுல சொல்லிட்டு வந்திருக்கேன். நெசத்துல வேற ஒரு டாக்டரப் பாக்கப் போறேன். ரவிக்கை தைக்க வந்த பொம்பளை ஒருத்தி சொன்னா, அவருகிட்ட யாரு போனாலும் ஆபரேஷன் பண்ணிருவாராம். இல்லைன்னு சொன்னதே கெடையாதாம். அதான் டாக்டரு! எங்க வீட்டுக்காரரு போன்லயே டோக்கன் போட்டுட்டாரு. அவருகிட்ட மட்டும்தான் சொன்னேன், சுபா காதுல விழுந்துச்சுன்னா ஒமக்குச் சோறு கெடையாதுன்னு சொல்லி வச்சிருக்கேன். படத்தை மொதல்ல காட்டிருவோம், தேதி வாங்கிருவோம், அப்புறம் அவள அழுது பெரண்டு சம்மதிக்க வைப்போம்னு எனக்கு யோசனை.

இந்தா, பைக்குள்ளதான் இருக்கு. பீரோவுக்கு அடியில அவ ஒளிச்சு வச்சிருந்தா, விடியங்காட்டியும் எந்திரிச்சு உருவிட்டு வந்துட்டேன். எடுத்துப் பாரு. நீ நர்சுக்குப் படிக்கிற புள்ள, நீயே சொல்லு, இப்படி ஒரு எலும்பு வெளிய நின்னா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்? நல்லா வெளிச்சத்துல தூக்கிப் பாரு.

என்ன தாயி முழிக்கிற?

என்னது? இடுப்பு இல்லையா? என்ன இடுப்பு இல்ல, நல்லாப் பாரு. மூட்டா? யாரு மூட்டு? ஓரத்துல பேர் எழுதியிருக்கா? இங்கிலீஷ்ல எழுதுனா எனக்கு என்ன தெரியும், நீ படி.

சீனியம்மாவா?

அடிப்பாவி! மாத்தி வச்சுட்டா! உறையில அவ படத்தை எடுத்துட்டு என் படத்தைச் சொருகி வச்சிருக்கா! அப்ப எங்க வீட்டுக்காரரு சொல்லிட்டாரு. சோத்துக்குப் பயப்படுற மனுசன்னு நெனச்சேன், மகளுக்குத்தான் கூடப் பயம் போல.

இரு, இரு, பேசாத. ஸ்பீக்கர்ல என்னமோ வருது.

கேட்டியா? கேட்டியா தாயி? "மதுரை செல்லும் பேருந்தில் முக்காடு போட்டு அமர்ந்திருக்கும் தையல்கடை சீனியம்மா அவர்களின் கவனத்திற்கு"ங்குறா. முக்காடு வரைக்கும் தெரிஞ்சிருக்கு! "தாங்கள் லைனிங் துணி வாங்கச் செல்லும் டாக்டரிடம் போடப்பட்ட டோக்கன் ரத்து செய்யப்பட்டது"ங்குறா. பஸ்ஸே சிரிக்கிது பாரு. "ஜெபராணி டாக்டரம்மா சொன்ன மூட்டு டாக்டரிடம் தங்கள் பெயருக்கே டோக்கன் போடப்பட்டுள்ளது. தங்கள் கணவர் அங்கே காத்திருக்கிறார்." அதான் அந்தாளு காலையிலயே ஜோலி இருக்குன்னு சட்டைய மாட்டிக்கிட்டுக் கெளம்புனாரு. ரெண்டு பேரும் கூட்டுக் களவாணிக!

என்ன, ஸ்பீக்கர் நின்னுருச்சு. எங்க போறா? அந்தா, படியில எறங்குறா. கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு எப்படி எறங்குறா பாரு, வரட்டும். இந்தப் பக்கம்தான் வர்றா. நல்லாக் கேக்குறேன், நாலு பேரு முன்னாடியே கேக்குறேன். கொஞ்சம் தள்ளு தாயி, ஜன்னலக் குடு எனக்கு.

ஊதாப் பாவாடை கட்டியிருக்கா. அந்த ரெடிமேடு.

தாயி, நீ பாரேன். எனக்குத்தான் கண்ணு சரியில்லையா? மட்டமா நிக்கிது. எடது பக்கம் எறங்கல. ஏறவும் இல்ல. சுத்திவர ஒரே மட்டமா நிக்கிது. நான் கை வைக்கல தாயி, சத்தியமா வைக்கல, பூட்டுல்ல போட்டு வச்சிருந்தா. கடைக்காரன் எப்படித் தச்சானோ அப்படியே நிக்கிது. ஆடி ஆடித்தான் வர்றா, ஆனா ஓரம் ஆடல.

அப்ப வீட்டுல கெடக்குறதெல்லாம், எடது பக்கம் தூக்கிக்கிட்டு நிக்கிற அம்புட்டுப் பாவாடையும்... நான் ஏத்தித் தச்சதுல்ல அது. சூவுல ஒசரம் வச்ச பெறகும் என் மடிப்பு அப்படியேல்ல இருக்கு. கோணல் அவ காலுல இல்ல தாயி. என் தையல்ல.

வந்துட்டா, வந்துட்டா.

ஏன்டி, ஒனக்கு அறிவிருக்கா? பெத்தவளப் போயி ஊரு பூரா ஏலம் போடுற? மூட்டு டாக்டருகிட்ட நான் எதுக்குப் போகணும்? போக மாட்டேன். போனா என்ன சொல்லுவாரு, அறுக்கணும்னுதானே சொல்லுவாரு? நல்லா நடந்துக்கிட்டு இருக்கேன்ல, நடக்குற காலை எதுக்குடி வெட்டணும்?

என்ன எல்லாரும் என் காலையும் அவ காலையும் மாத்தி மாத்திப் பாக்குறீக? சிரிச்சுத் தொலைங்களேன்.

பாரு தாயி, அவகூடச் சிரிக்கல. இம்புட்டு நேரமும் வாயாடுனவ, கம்பியப் புடிச்சுக்கிட்டு என்னையவே பாத்துக்கிட்டு நிக்கிறா. என்ன சொல்றா கேட்டியா? "போய் டாக்டர் சொல்றதக் கேட்டுட்டு வா. அம்புட்டுதான். பண்றதும் பண்ணாததும் உன் இஷ்டம். உன் காலும்மா"ங்குறா.

உன் காலும்மாவாம்.

இதை அவ எங்கிட்டச் சொல்றதுக்கு முன்னாடி, நான் ஒருநாளாச்சும் அவகிட்டச் சொல்லியிருக்கணும்ல தாயி? ஒருநாளும் சொன்னதில்ல. அவ காலைப் பத்தி ஊரெல்லாம் கேட்டேன், அவளக் கேக்கல.

சரிடி, சரி. போறேன். கேக்குறேன். கேட்டா என்ன, கடிச்சா தின்னுருவாரு? வலிக்கத்தான் செய்யுது, இல்லைன்னு யாரு சொன்னா. நீ மேல போ, வெயில்ல நிக்காத. வண்டி கெளம்பணும், சனமெல்லாம் உக்காந்திருக்கு. என்னது? நீ மேல போய்ச் சொன்னாத்தான் வண்டியே கெளம்புமா? திமிரப் பாரு. போடி, மெதுவா ஏறு, ஈரம் கெடக்கப் போகுது.

ஏய், சுபா! இங்க பாரு. வீட்டுக்குப் போனதும் ஓன் பாவாடைய எல்லாம் எடுத்து என் மிஷின் மேல வையி. ஒண்ணு விடாம வையி. வந்து ஓரத்தைப் பிரிக்கணும். ஏன்னு கேக்காத, வையின்னா வையி!

சிரிக்கிறா பாரு. கண்ணைத் தொடச்சுக்கிட்டுச் சிரிக்கிறா.

கண்டக்டரு தம்பி, விசில் ஊதிராதீக. அவ ஏறிக்கிடட்டும். டிரைவர் அண்ணே, ஒரு நிமிசம். பாரு தாயி, பஸ்ஸு பூராவும் அவ படி ஏறுறதப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கு. முந்தியெல்லாம் அவள இப்படி யாராச்சும் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வரும். இன்னைக்கி பாக்கட்டும். நல்லாப் பாக்கட்டும். பாவாடை எம்புட்டு எடுப்பா நிக்கிது!

ஏறிட்டா. கதவத் தொறந்துட்டா. இந்தா, சத்தம் வருது, கேளு: "மதுரை செல்லும் பேருந்து இப்பொழுது புறப்படுகிறது."

அந்தப் படத்தை இங்க குடு தாயி. மடங்கிறப் போகுது. அது என் மூட்டு.